காயில் அம்மாவின் மணி

என் அம்மா, கடைக்கு வந்த ஒருவரைக்கூட "வேற கடை பாருங்க" என்று திருப்பி அனுப்பியதில்லை. எவ்வளவு கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டாலும், அதிகபட்சம் "நாளைக்கு வாங்க" என்பாள். அப்பா லாரியில் அடிபட்டுவிட்டார் என்று ஆள் வந்து சொன்னதும் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரிடமும் அதையேதான் சொன்னாள். இதைக் கேட்டுவிட்டு யாராவது "தெய்வம்மா உங்க அம்மா" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெய்வமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திருப்பி அனுப்பினால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் விஷயம்.

தெருவில் அவளுக்குப் பெயர் காயில் அம்மா. மின்விசிறியோ மிக்ஸியோ, எது புகைந்தாலும் உள்ளே இருக்கும் காயிலை, அதாவது செப்புக்கம்பிச் சுருளைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பாள். சுற்றுகிற மெஷினும் அவள் செய்ததுதான். தையல் மெஷினின் கைப்பிடிச் சக்கரம், மரக்கட்டை, எத்தனை சுற்று ஆனது என்று எண்ணுவதற்கு சைக்கிளில் மாட்டுகிற கிலோமீட்டர் மீட்டர். அது கடகடவென்று போடுகிற சத்தத்தில் பின்னறையில் இருப்பவளுக்கு முன்னால் ஆள் வந்தது கேட்காது. அதற்காக ஒரு மணி செய்தாள்.

பழைய டெலிபோனிலிருந்து கழற்றிய இரண்டு பித்தளைக் கிண்ணிகள், நடுவில் ஒரு சுத்தி, அதை ஆட்டுவதற்கு அவளே சுற்றிய காயில். அழுத்துகிற இடத்தில் பட்டன் கிடையாது. மேஜை ஓரத்தில் சைக்கிள் பிரேக் லீவரை முடுக்கியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பட்டன் வெச்சா போறவன் வர்றவன்லாம் அமுக்கிட்டு ஓடுறான். பிரேக்க இழுக்கணும்னா கையில கொஞ்சம் தெம்பு வேணும். வேலை இருக்கறவன்தான் இழுப்பான்" என்றாள். அந்த மணி 'ட்ரிங்' என்று அழகாக அடிக்காது. 'ட்ர்ர்ரக்' என்று, தொண்டையில் சளி கட்டியவர் அதட்டுவதுபோல அடிக்கும். தெருமுனை வரை கேட்கும்.

அவள் செய்த எல்லாமே ஒழுங்காக வேலை செய்தன என்று நான் கதைவிடப் போவதில்லை. துணி காயப்போடுகிற கொடியில் மழை மணி ஒன்று வைத்தாள். துணி கவ்வும் கிளிப்பின் வாயில் சர்க்கரைக் கட்டி. மழைத்துளி பட்டால் சர்க்கரை கரையும், கிளிப் மூடும், கம்பியும் கம்பியும் தொடும், சமையலறையில் பஸ்ஸர் கத்தும். பிரமாதம். ஆனால் எறும்பு வந்து சர்க்கரையைத் தின்றுவிட்டது. உச்சி வெயிலில் பஸ்ஸர் கத்த, மூன்று பேரும் மாடிக்கு ஓடிக் காய்ந்த துணியை நனைந்ததுபோல அள்ளிக்கொண்டு இறங்கினோம். அண்ணன் படிக்கும்போது தூங்கிவிழாமல் இருக்க ஒன்று செய்தாள். நெற்றியில் ரப்பர் பட்டை, பட்டையில் நூல், நூலின் மறுமுனையில் ஸ்விட்ச். தலை சாய்ந்தால் மணி. அவன் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். "உன் மூளையில பாதிய படிப்புல காட்டுடா" என்று கத்தினாலும், அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். இன்று அவன் ஒரு கம்பெனியில் மேலாளர். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். எங்கள் வீட்டில் பட்டத்துக்குக் கருப்பு அங்கி போட்ட முதல் ஆள் நான்தான். அண்ணன் டிப்ளமோ.

இப்போது அவள் மறக்கிறாள். எதை மறந்தாள் என்று ஆரம்பித்தால் முடியாது. முதலில் அடுப்பு, பிறகு அப்பா இறந்தது, பிறகு நான். என்னை "மேடம்" என்று கூப்பிடுகிறாள். "சொல்லுங்க மேடம், என்ன கம்ப்ளெயின்ட்?" மருத்துவர் இது போகப் போக இப்படித்தான் இருக்கும் என்றார். போகப் போக எங்கே என்று கேட்டேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே சர்க்யூட் போர்டு வரைந்து கொடுக்கிறேன். தியாகம் இல்லை, திரும்பவும் சொல்கிறேன். வேறு யாரும் இல்லை.

ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். கீழ்வீட்டில் தையல்காரி ஒருத்தி இருக்கிறாள், டெய்லர் அக்கா. அவள்தான் தெருமுனையில் பிடித்துக் கூட்டிவந்தாள். விஷயம் அண்ணனுக்கு எட்டியது. அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்துவிட்டான்.

"பாப்பா, நான் ஒரு முதியோர் ஹோம் பாத்து வெச்சிருக்கேன். நல்லா இருக்கு. தோட்டமெல்லாம் இருக்கு."

"தோட்டத்துல அம்மா என்ன பண்ணுவா? செடிக்கு காயில் கட்டுவாளா?"

"வாய் மட்டும் கொறையல உனக்கு."

"கொறஞ்சா நீ இந்நேரம் அவளப் பேக் பண்ணிருப்ப."

அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. "கதவைப் பூட்டு" என்றான். பூட்டிப் பார்த்தாயிற்று. உள்ளங்கை சிவக்கும் வரை தட்டினாள். மறுநாள் கரண்டிக் காம்பால் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றி, வரிசையாகத் தரையில் அடுக்கிவைத்திருந்தாள். அதைச் சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "இன்னொரு தடவ அம்மா தெருவுல நின்னாங்கன்னு கேள்விப்பட்டேன்னா, ஹோம்தான். அப்புறம் பேச்சே இல்ல."

அந்த ஹோமை நானும் போய்ப் பார்த்தேன். தோட்டம் இருந்தது உண்மைதான். ஜன்னலோரம் ஒரு அம்மாளை நாற்காலியோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். "விழுந்துடக் கூடாதுல்ல" என்றாள் சுற்றிக்காட்டிய பெண். கட்டப்பட்டிருந்த அம்மாள் அந்த முடிச்சை விரலால் துழாவிக்கொண்டே இருந்தாள். என் அம்மா அங்கே இருந்தால் முடிச்சை அவிழ்ப்பாள். அவிழ்க்க அவிழ்க்க இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். வீட்டுக்கு வந்து, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன்.

நான் செய்தது எளிமையான சாதனம். இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்ச், மேலே ஒரு கால்மிதி. அம்மா கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் ஸ்பாஞ்ச் அமுங்கித் தாள்கள் ஓட்டை வழியாகத் தொட்டுக்கொள்ளும், மணி அடிக்கும். நான் எந்த அறையில் இருந்தாலும் ஓடிவரலாம். நான் இல்லாவிட்டால் டெய்லர் அக்கா மாடியேறி வருவாள். அவளுடைய மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கிற அளவுக்கு ஒரு மணி வேண்டும். பரணில் அம்மாவின் கடைப் பெட்டி இருந்தது. திறந்தேன். மேலாகவே அந்த மணி இருந்தது, இரண்டு பித்தளைக் கிண்ணிகளும் பிரேக் லீவருமாக. கரண்ட் கொடுத்தேன். 'ட்ர்ர்ரக்.' அவ்வளவு வருடம் கிடந்தும் அவள் சுற்றிய காயில் சாகவில்லை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் மணியை எதற்கு வாங்க வேண்டும்? அம்மாவை அம்மாவின் மணியே காவல் காக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு அப்படியெல்லாம் உருகத் தெரியாது. அன்று உருகினேன்.

முதல் நாள் அருமையாக வேலை செய்தது. அம்மா இறங்கினாள், மணி அடித்தது, ஓடினேன். கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். மறுபடி இறங்கினாள். மறுபடி கதவு. அதற்கு மறுநாள் இன்னும் கூடுதல். முன்பெல்லாம் எழுந்தால் பாத்ரூம் போவாள், ஜன்னலில் நிற்பாள், சும்மா அலைவாள். இப்போது எழுந்தால் நேரே வாசல்தான். அதுவும் வேகமாக.

"மணி வெச்சதுல இருந்து உங்கம்மாவுக்கு ரெக்க மொளச்சிருச்சு" என்றாள் டெய்லர் அக்கா, மூச்சு வாங்கியபடி. "படியேறி எறங்கியே நான் பாதியா எளச்சுட்டேன். எனக்கு நல்லதுதான், போ."

நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். ஆகவே சாதனத்தை முன்னேற்றினேன். காலை ஊன்றும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் ஒன்றைக் கட்டில் கால்மாட்டில் பொருத்தி, எழுந்து உட்கார்ந்தாலே மணி அடிக்கும்படி செய்தேன். பிறகு புரண்டு படுத்தாலே. சத்தமும் போதவில்லை என்று மணியை ஹால் சுவரிலிருந்து கழற்றி அம்மாவின் அறைக் கதவுக்கு மேலேயே மாட்டினேன். படித்த படிப்பு முழுவதையும் அந்தக் கட்டிலில் இறக்கினேன். அம்மா ஓட ஓட நான் மணியைக் கூட்டினேன். நான் கூட்டக் கூட்ட அவள் ஓடினாள். இரண்டு தடவை படி இறங்கிவிட்டாள். ஒரு தடவை பழைய கடைக்கே போய், இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறவரின் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கூப்பிட்டது யாரு?" என்று கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார். அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்று நானும் டெய்லர் அக்காவும் போய்க் கும்பிடாத குறை.

ஆனால் அடுத்த ஞாயிறு அண்ணனே வந்துவிட்டான். நான் பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரண்டாள். தலைக்கு மேல் மணி அலறியது. அம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். முடியை அள்ளி முடிந்தாள். அண்ணனையும் என்னையும் விலக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, விழுந்தடித்து வாசலுக்குப் போனாள். அவன் தோளைப் பிடித்து நிறுத்தியதும் அவன் கையைக் கடித்தாள்.

பல் பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "பாப்பா, அவங்க வெளிய போகல. உன்கிட்ட இருந்து ஓடுறாங்க."

நான் அம்மாவைக் கூட்டிப்போய் மறுபடி படுக்கவைத்தேன். மாத முடிவில் ஹோமுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்துவிட்டுப் போனான்.

அவன் போனபின் கோபத்தில் அந்த மணியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். வேலை மேஜையில் வைத்து, எங்கே தப்பு என்று பார்க்க உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தால் எதையாவது பிரித்துப் பார்ப்பேன், அது அவளிடமிருந்து வந்த பழக்கம். மத்தியான வெயில் ஜன்னலில். அம்மா கட்டிலில் அமைதியாகப் படுத்திருந்தாள். கட்டில் ஸ்விட்சைக்கூடக் கழற்றியாகிவிட்டது. அவள் அசையவே இல்லை. சோதனைக்காக மணிக்குக் கரண்ட் கொடுத்தேன். 'ட்ர்ர்ரக்.'

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வர்றேன், வர்றேன். கொஞ்சம் இருங்க."

கட்டில் கிறீச்சிட்டது. முடியை முடிந்துகொண்டே அம்மா வந்தாள். தலையணைக்கடியில் தேடி எடுத்த மூக்குக்கண்ணாடி கையில் இருந்தது. என்னைத் தாண்டிப் போனாள். நான் ஒயரை இன்னொரு தடவை தொட்டேன். 'ட்ர்ர்ரக்.'

"அட, வந்துட்டேன்ல! ஒரு ஆளுக்கு எத்தன கை இருக்கு? இழுத்துக்கிட்டே இருந்தா ஒயரு அந்து போயிரும்யா."

வாசல் கதவைத் திறந்து, வெறும் படிக்கட்டைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வைத்திருந்தாள். கடையில் வைக்கிற சிரிப்பு. அது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "போயிட்டாரே" என்றாள் என்னிடம். "பாத்தீங்களா மேடம்? ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டேங்குறாங்க."

மேடையில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் வீல் என்று கத்துமே, அது ஏன் என்று மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. வெளியே வருகிற சத்தமே உள்ளே போய், பெரிதாகி, மறுபடி வெளியே வரும். பாசிட்டிவ் ஃபீட்பேக். அதில் நான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அந்த நான் என் அம்மாவின் தலைக்கு மேல் அதையே கட்டித் தொங்கவிட்டிருந்தேன். புரண்டு படுத்தால் மணி. மணி அடித்தால் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் வந்தால் அவள் எழுந்து போகாமல் இருக்க முடியுமா? ஓடவில்லை அவள். என்னிடமிருந்தும் இல்லை, எவரிடமிருந்தும் இல்லை. கூப்பிட்டார்கள், போனாள். கூப்பிட்டவள் நான்.

அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். "சரி, மணிய எடுத்துட்டு ஒரு மாசம் பாப்போம்" என்றான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டதுபோல இருந்தது.

திருத்துவது சுலபமாக இருந்தது, அசிங்கமான அளவுக்குச் சுலபம். பழைய மொபைலில் அதிர்கிற குட்டி மோட்டாரை எடுத்து, என் கைக்கடிகாரப் பட்டையில் வைத்துத் தைத்தேன். டெய்லர் அக்காவின் மெஷின் மேல் ஒரு சிவப்பு விளக்கு. அம்மா இறங்கினால் என் மணிக்கட்டு துடிக்கும், கீழே விளக்கு எரியும். சத்தமே கிடையாது. பித்தளைக் கிண்ணிகளைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன்.

அம்மா வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். "யாராச்சும் வந்தாங்களா?" "இல்லம்மா." "மழையா வெளிய?" "இல்லம்மா." வெயிலடிக்கிற ஜன்னலைப் பார்த்துவிட்டு, நம்பாமல் படுத்துக்கொள்வாள். படுத்தபடியே அவளுடைய வலக்கை போர்வைக்கு மேல் வட்டம் போடும். காயில் மெஷினின் கைப்பிடியைச் சுற்றுகிற அதே வட்டம். உதடு எண்ணும். பிறகு உதடு நின்றது, கை மட்டும் சுற்றியது. பிறகு கையும் நின்றது. கூப்பிட்டு உட்காரவைத்தால் உட்கார்ந்தாள். ஊட்டினால் விழுங்கினாள். "மேடம்" என்று கூப்பிடுவதும் போய்விட்டது. என் மணிக்கட்டில் கட்டிய மோட்டார் துடிக்கவே இல்லை. ரிப்பேர் என்று இரண்டு தடவை பிரித்துப் பார்த்தேன். ரிப்பேர் இல்லை.

மாதம் முடிந்து அண்ணன் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டான். அவள் கடிக்கவில்லை. "எவ்ளோ அமைதியா இருக்காங்க பாத்தியா!" என்றான் கண் கலங்க. "ஜெயிச்சுட்டடி. ஹோமெல்லாம் வேணாம். இங்கயே இருக்கட்டும்."

"வாய மூடுண்ணா" என்றேன்.

"இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?"

ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஜெயித்துத்தான் இருந்தேன்.

அவன் போனதும் பரணில் ஏறினேன். மணியை இறக்கினேன், பிரேக் லீவரையும். சாப்பாட்டு மேஜையை அம்மாவின் அறை வாசலில் குறுக்கே இழுத்துப் போட்டு, ஓரத்தில் லீவரை முடுக்கினேன். மேஜை மேல் எங்கள் வீட்டு மின்விசிறியின் மோட்டாரைக் கழற்றி வைத்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான். கம்பியை நானே அறுத்தேன். பக்கத்தில் ஸ்குரூ டிரைவர், செப்புக்கம்பி உருளை, அவளுடைய கண்ணாடி. கீழே போய் டெய்லர் அக்காவிடம், "சத்தம் கேட்டா மேல வந்துடாதீங்க" என்றேன்.

"என்னடி பண்ணப் போற?"

"கடை தொறக்கப் போறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்திவைத்தாள்.

மேலே வந்து லீவரை இழுத்தேன். 'ட்ர்ர்ரக்.'

அம்மா அசையவில்லை. அவளுக்குக் கேட்டது. கண்ணிமை நடுங்கியதைப் பார்த்தேன். மறுபடி இழுத்தேன், முழுப் பலத்தோடு, வேலை இருக்கிறவள் இழுப்பதுபோல. கம்பி அறுந்தாலும் பரவாயில்லை என்று இழுத்தேன்.

"அம்மா! ஆள் வந்திருக்காங்க. ஃபேன் மோட்டார். எரிஞ்சு போச்சாம்."

கண்ணைத் திறந்தாள். மேஜையைப் பார்த்தாள், மோட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியை நீட்டினேன். அவள் கை போர்வையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. அரைவட்டம் போனது. அங்கேயே நின்று, திரும்பப் போர்வையில் விழுந்தது.

"வேற கடை பாத்துக்கச் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்ணாடியை மடித்து மேஜையில் வைத்தேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பது தெரிந்தது. நான் சொல்கிறேனா என்று காத்திருந்தாள். போய் வாசல் கதவைத் திறந்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை. கீழே டெய்லர் அக்காவின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

"நாளைக்கு வாங்க" என்றேன், அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக.

கதவைச் சாத்தினேன்.

"சொல்லிட்டியா?" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"சொல்லிட்டேம்மா."